மெட்டல் (அதிரடியான ராக் வகை) இசைக்குழுக்கள் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை ஆல்பம் போடுகின்றன, டூர் போகின்றன?

எனக்குப் பிடித்த குழுக்களை வைத்துத்தான் சொல்ல முடியும். இளவயதில் வருடத்துக்கு ஒன்று, நடுவயதில் மூன்று வருடத்துக்கு ஒன்று, அறுபதை நெருங்கிவிட்டால் ஆறேழு வருடத்துக்கு ஒன்று.

அயர்ன் மெய்டன் 1980 முதல் 1984 வரை வருடம் தவறாமல் ஐந்து ஆல்பம் போட்டார்கள். ஐந்தாவதான பவர்ஸ்லேவுக்காகக் கிளம்பிய டூரில் 331 நாளில் 187 கச்சேரி. ஆள் சுருண்டு போனார்கள். அடுத்தது 1986-இல்தான் வந்தது. சமீபத்தியவை 2010, 2015, 2021. இதில் 2015 ஆல்பம் முந்தைய வருடமே பதிவாகிவிட்டது. பாடகர் புரூஸ் டிக்கின்சன் நாக்குப் புற்றுநோயிலிருந்து தேறி வரட்டும் என்று வெளியிடாமல் வைத்திருந்தார்கள்.

மெட்டாலிகாவும் 1983, 84, 86, 88 என்று விறுவிறுவெனப் போனவர்கள்தான். இப்போது 2008, 2016, 2023.

சோம்பல் என்று சொல்லமாட்டேன். கேசட்டும் சிடியும் விற்ற காலத்தில் ஆல்பம்தான் வரும்படி, டூர் அதற்கு விளம்பரம். இன்று டிக்கெட்டும் டி-ஷர்ட்டும்தான் சோறு போடுகின்றன. அதனால் ஒரே ஆல்பத்தைச் சொல்லி இரண்டு மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். புது ஆல்பம் இல்லாவிட்டாலும் கோடையில் ஐரோப்பாவின் திறந்தவெளி விழாக்கள் இருக்கவே இருக்கின்றன.

எங்கள் ஐயா மலேயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போன காலத்தில் மூன்று வருடம் ஒரு கணக்கு. முடித்து ஊருக்கு வந்து, கொஞ்ச நாள் இருந்துவிட்டு, மறுபடி கப்பல். ஓபெத் குழு அப்படியே: 2008, 2011, 2014. அப்புறம் 2016, 2019. அடுத்ததுக்குத்தான் 2024 வரை இழுத்துவிட்டார்கள்.

அந்த 2008 ஆல்பம் வந்த மறுவருடம் ஓபெத் சென்னை ஐஐடி சாரங் விழாவுக்கு வந்தார்கள். காரைக்குடியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்துப் போனேன். கச்சேரிக்குப் போகிறேன் என்றதும் அப்பத்தா, “மார்கழிதான் முடிஞ்சு போச்சே, இப்ப என்னடா கச்சேரி?” என்றார்கள். சுவீடன்காரர்கள் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

டூல் என்ற குழு எந்தக் கணக்கிலும் சேராது. கோயில் கும்பாபிஷேகமே பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான்; இவர்கள் 2006-க்கு அப்புறம் 2019-இல் ஆல்பம் போட்டார்கள். முந்தையதைக் கல்லூரி விடுதியில் கேட்டவன், அடுத்ததை எங்கள் வீட்டு வளவில் ஸ்பீக்கர் வைத்துப் போட்டேன். கல்தூணெல்லாம் அதிர்ந்தது. முதல் பாட்டே பத்து நிமிடத்துக்கு மேல். நாலாவது நிமிடத்தில் ஆத்தா வந்து, “பிள்ளை தூங்குது, அமத்துடா” என்றார்கள்.