வாசகர் கேள்வி – பதில்: பின்வாசல் வழியாக ஒரு நடை

கேள்வி: தியானம், மந்திரம் என்றெல்லாம் போகாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே வேறு திசையில் நிற்பதுபோல உணர வைக்கும் விளையாட்டான மனப்பயிற்சி ஏதேனும் உண்டா?
– வாசகி, காரைக்குடி

பதில்: உண்டு. அதற்குச் செட்டிநாட்டு வீட்டைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது. ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக, முகப்பு, வளவு (நடுமுற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நேர்கோட்டில் நீளும் பெரிய வீட்டை நாம் எப்போதும் முகப்பிலிருந்தே மனத்தில் நடந்து பழகியிருக்கிறோம். இன்று கண்ணை மூடிக்கொண்டு பின்வாசல் வழியாக நுழையுங்கள். அடுப்படியைக் கடந்து வளவுக்கு வரும்போது, வழக்கமாக வலக்கைப் பக்கம் இருக்கும் உங்கள் பங்கு அறை இடக்கைப் பக்கம் வந்திருக்க வேண்டும். மனம் தடுமாறி, நம்மை அறியாமலே நம்மைத் தூக்கி மறுபடி முகப்பில் கொண்டுபோய் நிறுத்துவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அந்தத் தருணத்தைக் கையும் களவுமாகப் பிடிப்பதே விளையாட்டு.

நினைவு எப்போதும் ஏதோ ஓர் இடத்தில் நின்றுதான் பார்க்கிறது என்பதற்கு வியப்பான சான்று உண்டு. மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்டு, இடப்பக்கத்தைக் கவனிக்கும் திறனை இழந்த நோயாளிகளிடம், மிலான் நகரின் பேராலயச் சதுக்கத்தை நினைவிலிருந்து விவரிக்கச் சொன்னதாக பிசியாக், லுட்சாட்டி என்ற இத்தாலிய ஆய்வாளர்கள் 1978-இல் எழுதினார்கள். பேராலயத்தை நோக்கி நிற்பதாகக் கற்பனை செய்தபோது இடப்பக்கக் கட்டடங்களை விட்டுவிட்டவர்கள், பேராலயத்துக்கு முதுகைக் காட்டி நிற்பதாக நினைக்கச் சொன்னதும், முன்பு விட்டவற்றை வரிசையாகச் சொல்லி, முன்பு சொன்னவற்றை விட்டுவிட்டார்கள். சதுக்கம் முழுவதும் அவர்கள் நினைவில் இருந்தது; நின்ற இடம்தான் மாறியது.

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு இப்படி ஏதாவது சொல்லித் தரலாமா? கணக்கு நன்றாக வருமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: கணக்கு வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், மதிப்பெண்ணை நுழைத்தால் விளையாட்டும் கெட்டுவிடும். உங்கள் வீட்டுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் மூன்று சாய்சதுரங்கள் சேர்ந்து பெட்டிபோலத் தெரியும் வடிவம் இருந்தால், அதையே உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். சிறிது நேரத்தில், மேலெழும்பி நின்ற பெட்டி குழிந்த மூலையாக மாறும். கல் அசைவதில்லை, மூளைதான் கட்சி மாறுகிறது. சுவிட்சர்லாந்தின் படிகவியல் அறிஞர் நெக்கர், படிக ஓவியங்களில் இதுபோன்ற புரளலைக் கவனித்து 1832-இல் எழுதினார். மகன் பழகியபின், தான் நினைத்த நேரத்தில் அதைப் புரட்ட முடிகிறதா என்று பார்க்கட்டும்.

அடுத்து, எதிரே அமர்ந்திருக்கும் உங்கள் கண்ணுக்கு மேசை எப்படித் தெரியும் என்று அவனை வரையச் சொல்லுங்கள். எழுந்து வந்து எட்டிப் பார்க்கக் கூடாது. ஒரு பொருளை மனத்தில் எவ்வளவு அதிகமாகத் திருப்புகிறோமோ அதற்கேற்ப நேரமும் கூடும் என்று உளவியல் ஆய்வாளர்கள் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் 1971-இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே அவன் தாமதித்தால் அவசரப்படுத்த வேண்டாம்.

கேள்வி: வளவில் மல்லாந்து படுத்து, வானம் கீழே இருப்பதாக நினைத்தால் தலை சுற்றுகிறது. ஆபத்தா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: பொதுவாக இல்லை. உள்ளங்கைகளைத் தரையில் அழுத்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் தலைசுற்றல் நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். மாடிப்படியிலும் கிணற்றடியிலும் வண்டி ஓட்டும்போதும் யாருமே இதை முயலக் கூடாது.