சோடியம் அயனி ஆக்சிஜன் மூலக்கூறைவிடச் சிறியதுதானே, பிறகு ஏன் அதனால் செல் சவ்வைத் தாண்ட முடிவதில்லை?

நல்ல கேள்வி. சவ்வைச் சல்லடை போல நினைத்துக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அளவைவிட இங்கே முக்கியம், எண்ணெயோடு ஒத்துப்போகிறதா என்பது.

சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு. அதன் நடுப்பகுதி வெறும் எண்ணெய் மாதிரி. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளியைப் பாருங்கள்: உப்பு முழுவதும் தண்ணீரில்தான் இருக்கும், அந்தத் துளிக்குள் போகாது. மின்னூட்டம் உள்ள சோடியத்தைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் இறுக ஒட்டியிருக்கும். அவற்றை உதறிவிட்டு எண்ணெய்க்குள் நுழைய நிறைய ஆற்றல் வேண்டும். ஆக்சிஜனுக்கு அந்தச் சிக்கல் இல்லை, சும்மா கரைந்து போய்விடும். அதை யாரும் தள்ளுவதில்லை. மூலக்கூறுகள் கண்டபடி அலைகின்றன. செறிவு அதிகமுள்ள பக்கத்திலிருந்து அதிகம் பேர் கடப்பதால், மொத்த ஓட்டம் குறைவான பக்கம் நோக்கி இருக்கிறது. இதுதான் விரவல்.

சரி, அயனிகள் எப்படிப் போகின்றன? புரதக் கால்வாய்கள் வழியாக. பொட்டாசியக் கால்வாய் எனக்கு எப்போதும் வியப்பு. பொட்டாசியத்தைவிடச் சிறிய சோடியத்தை அது பெரும்பாலும் விடாது! அதன் குறுகிய பகுதியில் வரிசையாக நிற்கும், புரதத்தின் ஆக்சிஜன் அணுக்கள், பொட்டாசியம் இழந்த தண்ணீருக்கு ஈடு செய்கின்றன. சோடியம் சிறியது என்பதால் அவற்றோடு சரியாகப் பொருந்தாது. இதை விளக்கிய ராடெரிக் மெக்கினனும், தண்ணீருக்கான கால்வாயைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேயும் 2003இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.