சின்னையா: பெயரா, முறையா?

தம்பி, கனடா வந்து எட்டு மாதம், அம்மம்மாவின் கடிதக்கட்டில் அடிக்கடி வரும் 'சின்னத்தம்பி' யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை, இங்கிருந்துகொண்டு எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தீர்கள். வேலையும் வாடகையும் பற்றிக் கேட்பவர்களுக்கு நடுவில் இப்படி ஒரு கேள்வி. சந்தோசம்.

நான் விட்ட பிழையை முதலில் சொல்கிறேன். எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளை. 2009இல் இடம்பெயர்ந்து திரிந்தபோது அம்மா சொப்பிங் பையில் சுற்றி, அரிசி மூட்டைக்குள் வைத்துக் காப்பாற்றிய பதினேழு கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. எல்லாம் கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியிலிருந்து மச்சாள் ஒருத்தி அம்மம்மாவுக்கு எழுதியவை. தண்ணீர் பட்டு மை ஊறிப்போன ஒன்றில், 'சின்னையா காய்ச்சலோடு வயல் கொட்டிலிலேயே படுத்துக் கிடக்கிறார், நீ வந்தால் சாப்பிடுவார்' என்று இருக்கிறது. அந்த வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

கோயில் நன்கொடைப் பட்டியல் தொடங்கி வாக்காளர் இடாப்பு வரை, சின்னையா என்ற பெயரை வைத்து இரண்டு வருடம் தேடினேன். வன்னியில் அந்தப் பெயரில் ஆட்களுக்கா குறைவு! கடைசியில் பார்த்தால் அது பெயரே இல்லை. அம்மம்மாவின் தகப்பனுக்குத் தம்பி. முறை சொல்லி எழுதியிருக்கிறார்கள். உங்கள் சின்னத்தம்பியும் யாரோ ஒருவரின் கடைசித் தம்பியாக மட்டும் இருக்கலாம்.

ஆளைப் பிடித்துத் தந்தது காணி. கடிதங்கள் வந்த வட்டக்கச்சி, அரசாங்கம் காணி கொடுத்து ஆட்களைக் குடியிருத்திய குடியேற்றத் திட்டம். அப்படியான காணிகள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுபட்டவை. பத்திரக்காரர் தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று ஒரு பின்னுரித்தாளரை நியமிக்கலாம். பிரதேச செயலகத்துக்கு (ஊரில் கிழவர்கள் இன்னும் ஏஜீஏ கந்தோர், அதாவது உதவி அரசாங்க அதிபர் கந்தோர் என்பார்கள்) என் மச்சான் மூன்று முறை அலைந்தார். மூன்றாவது முறைதான் ஒருவர் மனம் வைத்துப் பேரேட்டைத் தேடி எடுத்தார். பின்னுரித்தாளர் இடத்தில் அம்மம்மாவின் பெயர். உறவு: பெறாமகள். பத்திரக்காரரின் முதலெழுத்து 'க'. அம்மம்மாவின் தகப்பனுக்கும் அதே 'க'.

நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. ஒரு தகப்பனின் பிள்ளைகளைக் காட்டிக்கொடுப்பது முதலெழுத்துத்தான். இங்கே படிவங்களில் தகப்பனின் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதுகிறோம், அது அப்படியே பிள்ளைகளுக்கும் தொடர்கிறது. இன்னும் இரண்டு தலைமுறையில் அந்தத் தடயம் குழம்பிவிடும். யார் யாருக்குத் தகப்பன் என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.

சரி, காணிவரை போவதற்கு முன் உங்கள் சூட்கேசைத் திறவுங்கள். குடிவரவுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்த பிறப்புச் சான்றிதழில், பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவரின் முழுப்பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கட்டம் இருக்கும். ஆனால் அது தகப்பன்வழி. உங்களுக்கு வேண்டியது அம்மம்மாவின் கலியாணப் பதிவு; அதில் தகப்பன் பெயரும் சாட்சிகளும் இருக்கும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் தாய்மாமனாகவோ சகோதரனாகவோ இருப்பார். மாவட்டத்தில் பதிவு அழிந்துபோயிருந்தால் பத்தரமுல்லையில் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

கடிதங்களை முன்னும் பின்னும், முத்திரையோடு சேர்த்துப் படம் எடுங்கள். ஆறாம் ஜோர்ஜ் தலை இருந்தால் 1937க்கு முந்திய கடிதம் அல்ல. தயவுசெய்து லமினேற் பண்ண வேண்டாம், நம்மவர்களுக்கு அது ஒரு வியாதி.

இதற்கெல்லாம் முதல் ஊரில் இருக்கிற ஆக மூத்த ஆளுக்குப் போன் எடுங்கள். 'சின்னத்தம்பி யார்' என்று கேட்காதீர்கள், தெரியாது என்பார்கள். அம்மம்மாவுக்கு எத்தனை சகோதரம், அவவுக்குக் கலியாணம் பேசி வந்தது யார் என்று கேளுங்கள். கோடையில் ரொறன்ரோவில் இரவு ஒன்பது என்றால் அங்கே விடிய ஆறரை. தேத்தண்ணி குடிக்கிற நேரம், ஆறுதலாகக் கதைப்பார்கள்.