நிலக்கரி, டீசல், கரண்ட் பில்லைக் கூட்டினால் ஒரு தொழிற்சாலையின் கார்பன் கணக்கு வந்துவிடுமா?

எல்லாத் தொழிலுக்கும் வராது. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் எரிசக்திக் கணக்கு பார்க்கிறேன். எங்களிடம் எரிபொருளைவிடக் கல்லின் பங்குதான் பெரிது.

சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 44 கிலோவும் கார்பன் டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே போய்விடும். சூளையில் சுட்டு எடுக்கும் கட்டிதான் கிளிங்கர்; அதை அரைத்தால் சிமென்ட். அதில் இந்தச் சுண்ணாம்பு சுமார் 65 சதவீதம். அப்படியென்றால் ஒரு டன் கிளிங்கருக்குக் கல்லிலிருந்து மட்டும் 510 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதைச் சுட ஏறக்குறைய 3.2 ஜிகாஜூல் வெப்பம் வேண்டும். நிலக்கரிக்கு ஜிகாஜூலுக்கு 94.6 கிலோ என்ற ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) காரணியால் பெருக்கினால் 300 கிலோ சொச்சம். அந்த 510 கிலோ எந்த எரிபொருள் பில்லிலும் இருக்காது.

சரி, எரிபொருளாவது சுலபமா என்றால், அதிலும் கவனம் வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்த கரி லாரி எடை மேடையில் ஏறுகிறது. சீட்டில் 30 டன். லேப் அறிக்கையின் கலோரி மதிப்போ உலர்ந்த கரிக்கு உரியது. ஈரம் 12 சதவீதம் என்றால், இரண்டையும் அப்படியே பெருக்கும்போது 3.6 டன் தண்ணீரையும் கரியாக எரித்த கணக்காகிவிடும். முதல் வருடம் நான் இப்படித்தான் போட்டேன். தணிக்கைக்கு வந்தவர் எடைச் சீட்டையும் லேப் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மூன்று மாதக் கணக்கைத் திரும்பப் போட்டோம். அப்புறம் இன்னொன்று: லேப் தருவது பெரும்பாலும் மொத்தக் கலோரி மதிப்பு, அதாவது எரியும்போது நீராவியோடு போகும் வெப்பத்தையும் சேர்த்தது. ஐபிசிசி காரணி அதைக் கழித்த நிகர மதிப்புக்கானது. நிலக்கரியில் இந்த வித்தியாசமே 5 சதவீதம் வரும்.

வாங்கும் மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் காரணி வெளியிடுகிறது. 2023-24க்கு யூனிட்டுக்கு 0.727 கிலோ. சொந்த அனல் மின் நிலையம் இருந்தால் அதன் கரியைத்தான் எண்ண வேண்டும். அந்த யூனிட்டையும் சேர்த்தால் இரட்டைக் கணக்கு.

கிளிங்கரை வெளியில் வாங்கி அரைக்க மட்டும் செய்யும் ஆலைகளின் கணக்கு மிக அழகாக இருக்கும். அவர்களிடம் சூளையே கிடையாது; கல்லின் கார்பன் கிளிங்கரை விற்றவரின் சூளையிலேயே போய்விட்டது. அங்கே வாங்கிய கிளிங்கர் எத்தனை டன், அதை எந்த வரியில் எழுதியிருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.