அரசு ஆஸ்பத்திரி: யார் பொறுப்பு, யார் பணம்?

பொது சுகாதாரம் மத்திய அரசின் பொறுப்பா, மாநில அரசின் பொறுப்பா? (தர்மபுரி வாசகர்)

மாநிலத்தின் பொறுப்பு. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, மாநிலப் பட்டியல், 6-வது இனம். மாநிலம் விட்டு மாநிலம் தொற்றுநோய் பரவாமல் தடுப்பது, மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் சுகர் மாத்திரை இல்லை என்கிறார்கள். டெல்லிக்குப் புகார் எழுதலாமா? (ஊர் குறிப்பிடவில்லை)

எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று எழுதாமல் கேட்டால் என்ன பதில் சொல்வது? டெல்லிக்கு இதில் வேலையே இல்லை; மாநில அரசுக்கே எழுதுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் பொது சுகாதார இயக்குநரகம். தாலுகா, மாவட்டத் தலைமை மருத்துவமனை என்றால் ஊரக நலப்பணிகள் இயக்குநரகம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மருத்துவக் கல்வி இயக்குநரகம். மருந்து வாங்குவது 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கென்றே ஒரு பாஸ்புக் உண்டு. அதில் இருக்கும் தொகைக்குத்தான் மாவட்டக் கிடங்கிலிருந்து எடுக்க முடியும். கிடங்கில் சரக்கு இல்லையா, பாஸ்புக்கில் தொகை இல்லையா என்று முதலில் கேளுங்கள்.

வருமான வரியோடு 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ் கட்டுகிறேன். அதில் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு வரும்? (கோவை வாசகர்)

செஸ் என்பது குறிப்பிட்ட செலவுக்கென்று வரிக்கு மேல் வாங்கும் தொகை. அதில் வரிப்பங்காக ஒரு பைசாகூட வராது. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை.

கணக்கைப் பாருங்கள். உங்கள் வரி 50,000 ரூபாய் என்றால் செஸ் 2,000. அந்த 50,000-ல் 41 சதவீதம், சுமார் 20,000 ரூபாய், எல்லா மாநிலங்களுக்கும் பிரித்துத் தரப்படும். அதில் தமிழ்நாட்டின் பங்கு 4 சதவீதம்; சுமார் 800 ரூபாய். ஆனால் செஸ் 2,000 முழுவதும் மத்திய அரசிடமே நிற்கும். அரசமைப்புச் சட்டத்தின் 270-வது பிரிவு, செஸ்ஸையும் சர்சார்ஜையும் (வரி மேல் போடும் கூடுதல் வரி) பங்கீட்டிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது.

சரி, செஸ் பணம் திட்டங்கள் வழியாகத் திரும்பி வருகிறதே என்பீர்கள். வருகிறது, நிபந்தனையோடு. தேசிய சுகாதார இயக்கத்தில் மத்திய அரசு 60 ரூபாய் தர, மாநிலம் 40 போட வேண்டும். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மட்டும் 90-க்கு 10. எதற்குச் செலவிடலாம் என்ற தலைப்பையும் டெல்லியே தீர்மானிக்கும். டாக்டர், நர்ஸ் சம்பளத்தின் பெரும்பகுதியைச் சுமக்கும் மாநிலத்துக்கு, எதற்குச் செலவிடுவது என்று தானே முடிவு செய்யக்கூடிய பணம்தான் வேண்டும். சுகாதாரத்தின் பேரில் வசூலித்ததை, சுகாதாரப் பொறுப்புள்ள மாநிலத்தோடு பங்கிடாதது அநியாயம்.

எப்போதும் சொல்வதுதான்: அறிவிப்பு வேறு, ஒதுக்கீடு வேறு, கைக்கு வந்த பணம் வேறு. மூன்றாவதைப் பாருங்கள்.

சுகாதாரத்துக்கு ஜிடிபியில் 2.5 சதவீதம் என்றார்களே, எட்டிவிட்டோமா? (கல்லூரி மாணவி, நெல்லை)

இல்லை. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை 2025-க்குள் என்றது. அது அறிவிப்பு, மேலே சொன்னதை மறுபடி படியுங்கள்.

5 லட்சம் ரூபாய் காப்பீட்டு அட்டையில் மாதாந்திர மாத்திரை வாங்கலாமா?

முடியாது. அட்டை, படுக்கையில் சேர்ந்து பார்க்கும் சிகிச்சைக்கு. மாதாந்திர மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், இலவசம்.

இஎஸ்ஐ மருந்தகமும் வரிப்பணத்தில் நடப்பதுதானே? (திருப்பூர் தொழிலாளி)

பெரும்பாலும் உங்கள் பணம். சம்பளத்தில் 0.75 சதவீதம் நீங்கள், 3.25 சதவீதம் முதலாளி. மருந்தகத்தை நடத்துவது மாநில அரசு. செலவில் எட்டில் ஏழு பங்கு இஎஸ்ஐ கழகம், ஒரு பங்கு மாநிலம். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தும் பிடித்தம் இல்லையென்றால், அடுத்த சம்பளத்துக்கு முன்பே கம்பெனியில் கேளுங்கள்.