பைத்தான் ஸ்கிரிப்ட் எடிட்டரில் ஓடுகிறது, டெர்மினலில் மட்டும் விதவிதமாக எரர் வருகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

நானும் இதே இடத்தில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டு முழித்தேன். என் ஸ்கிரிப்டில் இருந்ததே ஒரு வரிதான், ‘வணக்கம்’ என்று அச்சிட வேண்டும். அந்த ஒற்றை வரியை மாற்றி மாற்றி எழுதினேன். கடைசியில் பார்த்தால் அதில் ஒரு தப்பும் இல்லை.

எரர் வந்ததும் ஸ்கிரிப்டைத் திருத்தப் போகாதீர்கள். அந்த எரரை எழுதியது யார் என்று முதலில் பாருங்கள். டெர்மினலில் உங்களோடு பேசுவது ஷெல், பைத்தான் என இரண்டு ஆட்கள். நீங்கள் ‘பைத்தான்’ என்று தட்டி, இடைவெளி விட்டு, ஃபைல் பெயரைக் கொடுக்கிறீர்கள். முதல் சொல்லைப் பார்த்து அந்தப் பெயரில் என்ன ப்ரோக்ராம் இருக்கிறது என்று தேடிப் பிடிப்பது ஷெல்லின் வேலை. மிச்சத்தை அந்த ப்ரோக்ராமிடம் கொடுத்துவிட்டு அது ஒதுங்கிவிடும். ஃபைலைத் திறப்பது, படிப்பது, ஓட்டுவது எல்லாம் பைத்தான் பாடு.

‘இப்படி ஒரு கமாண்டே இல்லை’ என்ற வகையில் வந்தால் அது ஷெல்லின் குரல். உங்கள் ஃபைல் வரை யாரும் போகவே இல்லை. விண்டோஸில் பைத்தானை நிறுவும்போது முதல் திரையின் அடியில் ‘பாத்’தில் சேர்க்கவா என்று ஒரு கட்டம் இருக்கும். பலர் அதை டிக் செய்யாமல் தாண்டிவிடுகிறார்கள். ஷெல் தேடிப் பார்க்கும் ஃபோல்டர்களின் பட்டியல்தான் இந்தப் பாத். மேக்கிலும் லினக்ஸிலும் ‘பைத்தான்3’ என்று கொடுத்துப் பாருங்கள். வெறும் ‘பைத்தான்’ என்ற பெயர் நெடுங்காலம் பழைய 2ஆம் பதிப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்தது, பெயர்க் குழப்பம்தான் இன்னும் ஓயவில்லை.

‘ஃபைலைத் திறக்க முடியவில்லை, எரர் எண் 2’ என்று வந்தால் ஒரு படி முன்னேறிவிட்டீர்கள். இப்போது பேசுவது பைத்தான். நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் தேடினேன், கிடைக்கவில்லை என்கிறது. டெர்மினலில் நீங்கள் எப்போதும் ஏதாவது ஒரு ஃபோல்டருக்குள் நின்றுகொண்டுதான் இருக்கிறீர்கள். எடிட்டர் இதை உங்களுக்குத் தெரியாமலே பார்த்துக்கொள்வதால் பலருக்கு இது தெரிவதே இல்லை. ஃபோல்டர் மாற்றும் ‘சிடி’ கமாண்டைக் கொடுத்து ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்குள் போங்கள். விண்டோஸில் இன்னும் சுலபம்: அந்த ஃபோல்டரைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் ‘சிஎம்டி’ என்று அடித்து என்டர் தட்டினால் டெர்மினல் அங்கேயே திறக்கும்.

சரியான ஃபோல்டருக்குள் போன பிறகும் எனக்கு அதே எரர்! ‘டிஐஆர்’ அடித்து உள்ளே இருப்பதைப் பட்டியல் போட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. நோட்பேடில் சேமித்ததால் பெயர் ‘வணக்கம்.பிஒய்.டிஎக்ஸ்டி’ ஆகியிருந்தது. விண்டோஸ் அந்தக் கடைசி வாலை மறைத்துத்தான் காட்டும். இரண்டாம் நாள் முழுக்க அந்த வாலுக்கே போனது.

ஸ்கிரிப்ட் ஓடுகிறது, ஆனால் அது படிக்க வேண்டிய டேட்டா ஃபைல் மட்டும் இல்லை என்கிறதா? அதுவும் இதே கதைதான். வெறும் பெயரைக் கொடுத்தால், நீங்கள் நிற்கும் ஃபோல்டரில்தான் அதைத் தேடும். ஸ்கிரிப்ட் எங்கே கிடக்கிறது என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. எடிட்டரில் ஓடுவது டெர்மினலில் ஓடாததற்கு என் அனுபவத்தில் இதுதான் முதல் சந்தேகம்.

வரியின் தொடக்கத்தில் மூன்று வலப்புற அம்புக்குறிகள் தெரிந்தால் நீங்கள் பைத்தானுக்குள்ளேயே இருக்கிறீர்கள். ஷெல்லுக்குக் கொடுக்க வேண்டிய கமாண்டை அங்கே கொடுத்தால் சின்டாக்ஸ் எரர்தான் வரும். ‘எக்ஸிட்’ என்று எழுதி அடைப்புக்குறிகள் போட்டு வெளியே வந்துவிட்டு மறுபடி தட்டுங்கள்.

‘ட்ரேஸ்பேக்’ என்று தொடங்கி நீளமாக வந்தால் ஸ்கிரிப்டைத் திறக்க வேண்டும். கடைசி வரியை முதலில் படியுங்கள், தப்பு என்ன என்று அதில் இருக்கும். எந்த வரி எண்ணில் என்பது அதற்குச் சற்று மேலே.

ஒன்றுமே வராமல் கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தால், ஸ்கிரிப்ட் உங்களிடம் உள்ளீடு கேட்டுக் காத்திருக்கலாம், இல்லை முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கலாம். கன்ட்ரோலோடு சி அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஃபைல் பெயரை முழுதாக டைப் செய்யும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். முதல் இரண்டு மூன்று எழுத்து போட்டு டேப் விசையைத் தட்டினால் மிச்சத்தை ஷெல்லே நிரப்பும். நிரப்பவில்லையா? அந்த ஃபைல் அங்கே இல்லாமல் இருக்கலாம் என்று என்டர் தட்டும் முன்பே தெரிந்துவிடும்.