1969 ஜூலை 20: ஒலிநாடா இல்லை, நாட்குறிப்பைப் பாருங்கள்

நண்பரே, நிலவில் மனிதன் இறங்கிய அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் தம் அறையில் பேசியவற்றின் ஒலிநாடா எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். தேடி அலைய வேண்டாம். அவருடைய ஒலிப்பதிவுக் கருவிகள் 1971 பிப்ரவரியில்தான் பொருத்தப்பட்டன. உங்களுக்கு வேண்டியது அதிபரின் அன்றாட நாட்குறிப்பு. கலிபோர்னியாவின் யோர்பா லிண்டாவிலுள்ள நிக்சன் நூலகத்தின் இணையதளத்தில் தேதிவாரியாக இருக்கிறது. தட்டச்சு செய்த படிவம். எத்தனை மணிக்கு யாரைச் சந்தித்தார், தொலைபேசி அழைப்பு உள்ளூரா வெளியூரா என்றுகூடக் கட்டம் பிரித்திருப்பார்கள். நள்ளிரவை நெருங்கும் வரியில் நிதானமாக நில்லுங்கள். நிலவில் நின்ற ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரினுடன் ‘கோள்களுக்கிடையிலான உரையாடல்’ என்று அதே அலுவலக நடையில் பதிந்திருக்கிறார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. ஜூலை 18 தேதியிட்ட குறிப்பையும் விடாதீர்கள்: இருவரும் திரும்பாமல் போனால் அதிபர் வாசிக்க வேண்டிய உரையை அவருடைய உரை எழுத்தாளர் வில்லியம் சஃபையர் எழுதி வைத்திருந்தார்.